ஊர்தியும் ஊறும்

'செலவு' என்னும் சொல் இந்நாளில் பணம் கழிவதையே பெரிதும் குறிக்கின்றது. பண்டைத் தமிழிலோ அது பயணத்தைக் குறித்தது. பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் பிரிவுத் துயரை எண்ணிப் புறப்படாது நிற்றலைச் 'செலவழுங்குதல்' என்று அகப்பொருள் நூலார் கூறுவர். அக்காலத்துப் பயணம் எளிதன்று. வழியிலே வெம்மை மிக்க பாலை உண்டு. விலங்குகள் திரியும் காடு உண்டு. ஆறலைக் கள்வரும் உண்டு. ஆதலின் ஒருவர் செலவு மேற்கொண்டால், அவர் மீண்டு வரும்வரை வீட்டில் உள்ளோர் வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தனர். இன்று காடுகள் குறைந்தன. கள்வர் அச்சமும் பெரும்பாலும் நீங்கியது. எனினும், காத்திருக்கும் கவலை மட்டும் நீங்கவில்லை. முன்னாளில் வழியில் இருந்த இடர், இந்நாளில் மனிதன் ஏறிச் செல்லும் ஊர்தியிலேயே குடியேறிவிட்டது.

ஊர்தியால் உயிர்க்கு ஊறு நேர்தல் தமிழ்நாட்டுக்குப் புதிய செய்தி அன்று. திருவாரூர் வீதியிலே அரசிளங்குமரன் ஏறி வந்த தேரின் காலில் ஓர் ஆன்கன்று அகப்பட்டு மாண்டது. தாய்ப்பசு அரண்மனை வாயிலில் கட்டிய ஆராய்ச்சி மணியை அடித்தது. மனுநீதிச் சோழன், தன் ஒரே மகன் என்றும் பாராது, அவனைத் தேர்க்காலில் இடத் துணிந்தான். இவ்வரலாற்றைச் சிலப்பதிகாரம் சுட்டுகின்றது, பெரியபுராணம் விரித்துரைக்கின்றது. கன்று தானாகவே வந்து விழுந்தது என்று அமைச்சர் கூறிய அமைதியை மன்னன் ஏற்கவில்லை. தேர் ஓட்டுவோன், வீதியிற் செல்லும் எளிய உயிர்க்கும் காவலன் ஆதல் வேண்டும் என்பதே அவன் கொண்ட நீதி. இற்றை நாள் சாலை விதிகள் அனைத்திற்கும் உயிராய் நிற்பது இந்நீதியேயாகும்.

இந்நீதி இன்று எவ்வளவு வேண்டப்படுகின்றது என்பதை அறியத் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. புதுச்சேரி நகரை அடுத்த சாரத்தில், காலை எட்டரை மணிக்குச் சாலையோரம் நின்று பார்த்தாலே போதும். சாரம், உழவர்கரை நகராட்சியைச் சார்ந்த பகுதி. இப்பகுதியின் காமராசர் சாலையிலே பேருந்தும் சுமையுந்தும் காரும் ஆட்டோவும் மிதிவண்டியும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு செல்லும். அவற்றின் இடையிடையே, நூலிழை நுழைவதுபோல, இருசக்கர மோட்டார் வண்டிகள் எண்ணின்றி நுழைந்து செல்லும். பள்ளிப் பிள்ளைகள் பலர் தந்தைக்கு முன்னும் தாய்க்குப் பின்னும் அவ்வண்டிகளில் அமர்ந்திருப்பர். சிலர் சாலையைக் கடக்க இடம் பாராது நெடும்பொழுது நிற்பர். இவ்வூர்திகளுள் எது எவ்வளவு ஊறு செய்வது, அவ்வூறு காலப்போக்கில் கூடிற்றா குறைந்ததா, அதனைத் தடுக்கும் வழி யாது என்பன அறிந்துகொள்ளத் தக்கன.

புதுச்சேரியின் பழைய ஊர்திகளை முதலில் நோக்குவோமாயின், அவை பெரும்பாலும் மெல்லச் செல்வனவாகவே இருந்தன. செல்வர் பல்லக்கில் சென்றனர், உழவர் மாட்டு வண்டியில் சென்றனர், ஏனையோர் நடந்தனர். பிரெஞ்சுக்காரர் ஆட்சிக் காலத்தில் 'புஸ்புஸ்' என்னும் வண்டி இந்நகருக்கே உரிய ஊர்தியாய் விளங்கிற்று. பின்னாலிருந்து ஓர் ஆள் தள்ள, உள்ளே அமர்ந்தவர் முன்னுள்ள கைப்பிடியைப் பற்றித் திருப்பிச் செல்வது அதன் அமைப்பு. தள்ளுவோன் நடையே அதன் வேகம். அது கவிழ்ந்தால் முழங்காலில் சிராய்ப்பு ஏற்படலாம். உயிர் போதல் அரிது.

அக்காலப் பயணத்துள் பேரிடர் மிக்கது கடல் வழியேயாம். புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து எட்ட நங்கூரமிட்டு நிற்கும். கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் பொருளையும் 'சலங்கு' என்னும் படகுகளே சுமந்தன. கரையருகே அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து விழும் இடத்தைக் கடத்தலே பெரும்பாடு. ஆணியால் இறுக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்தமையால், அலை மோதும்போது இப்படகுகள் உடையாது வளைந்து கொடுத்தன. மோதலின் வலியை உடல் தாங்காமல் ஊர்தி தாங்கவேண்டும் என்னும் நுட்பத்தைக் கடலோரத் தச்சர் அன்றே அறிந்திருந்தனர். பின்னர் 1866 ஆம் ஆண்டில் கடலுக்குள் நீண்ட பாலம் ஒன்று அமைந்தது. அது 1952 ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது.

குதிரை வண்டி மெல்லச் செல்வதாயினும் அதனால் தீங்கே இல்லை என்று எண்ணுதல் தவறு. ரேடியத்தைத் தம் மனைவியார் மேரி கியூரியுடன் கண்டறிந்து, நோபல் பரிசு பெற்ற பியேர் கியூரி என்னும் பேரறிஞர், 1906 ஆம் ஆண்டு ஏப்ரல் 19 ஆம் நாள், மழை பெய்துகொண்டிருந்த பாரிசு நகரத் தெருவொன்றைக் கடந்தார். கால் வழுக்கி விழுந்தார். பாரம் ஏற்றிய குதிரை வண்டியின் சக்கரம் அவர் தலைமேல் ஏறிற்று. உலகமே போற்றிய மூளை ஒரு நொடியில் சிதைந்தது. அறிஞர், அறியாதார் என்னும் வேறுபாட்டைச் சக்கரம் அறியாது.

அடுத்து வந்தது இருப்புப்பாதை. 1830 ஆம் ஆண்டு செப்டம்பர் 15 ஆம் நாள் இங்கிலாந்தில் லிவர்ப்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே புகைவண்டிப் போக்குவரத்துத் தொடங்கிற்று. அத்தொடக்க விழாவிற்கு வந்த பாராளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஹஸ்கிசன், இருப்புப்பாதையில் இறங்கி நின்றபோது, எதிரே வந்த 'ராக்கெட்' என்னும் பொறியால் தாக்குண்டு அன்று மாலையே இறந்தார். வரும் வண்டியின் விரைவை மனிதக் கண் மதிப்பிடுதல் அரிது என்பதற்கு அதுவே முதற் சான்று. விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு 1879 ஆம் ஆண்டில் புகைவண்டி வந்தது.

இரயில் விபத்து நேரும்போது, ஒரே சமயத்தில் பலர் மாளுதலின் நாடே நடுங்குகின்றது. 1956 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் நாள், பெருமழையால் மருதையாற்றில் வெள்ளம் பெருகிப் பாலம் சிதைந்தமையால், தூத்துக்குடி விரைவு வண்டி அரியலூரை அடுத்து ஆற்றில் வீழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி, அதற்குத் தாமே பொறுப்பேற்றுப் பதவியைத் துறந்தார். 1964 ஆம் ஆண்டு டிசம்பர் 22 ஆம் நாள் இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடி நோக்கிச் சென்ற வண்டியைப் புயலலை விழுங்கியது. 2023 ஆம் ஆண்டு சூன் 2 ஆம் நாள், சென்னை நோக்கி வந்த கோரமண்டல விரைவு வண்டி ஒடிசாவில் பாலசோருக்கு அருகே மோதியதில் இருநூற்றுத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

இவ்வாறு பெருந்துயர்கள் நேர்ந்தபோதிலும், இருப்புப்பாதையில் ஊறு ஆண்டுக்கு ஆண்டு குறைந்தே வருகின்றது. இந்தியாவில் 1960-61 ஆம் ஆண்டில் 2,131 இரயில் விபத்துகள் நேர்ந்தன. பெரிய விபத்துகள் என்று கணக்கிடப்படுவன 2014-15 ஆம் ஆண்டில் 135 ஆகவும், 2024-25 ஆம் ஆண்டில் 31 ஆகவும் குறைந்தன. வண்டிகளோ முன்னினும் பன்மடங்கு மிகுதியாக ஓடுகின்றன. இக்குறைவு தானாக வந்ததன்று. ஒரு வண்டி நிற்கும் பாதைப்பகுதியில் மற்றொரு வண்டி நுழையலாகாது என்னும் கட்டுப்பாடு, கைகாட்டியையும் பாதை பிரியும் இடத்தையும் ஒன்றோடொன்று பிணைத்துத் தவறு நேராமற் காக்கும் பொறி, எல்லாப் பெட்டிகளையும் ஒருங்கே நிறுத்தும் காற்றுத் தடை, தண்டவாளத்தின் உள்விரிசலைக் காணும் கருவி ஆகியவை ஒவ்வொன்றாகச் சேர்ந்து இப்பயனை விளைத்தன. மனிதன் மறப்பான், அயர்வான், தவறுவான் என்பதை ஒப்புக்கொண்டு, அவன் தவறினும் உயிர் போகாதவாறு அமைத்தலே இதன் அடிப்படை.

ஆயினும், இருப்புப்பாதையும் சாலையும் ஒன்றையொன்று வெட்டும் கடவையில் இடர் முற்றும் ஒழியவில்லை. ஆளில்லாத கடவைகள் அகலப் பாதையில் 2019 ஆம் ஆண்டுத் தொடக்கத்திற்குள் நீக்கப்பட்டன. ஆள் உள்ள கடவையிலும் தவறு நேரலாம் என்பதைப் புதுச்சேரிக்கு அணித்தேயுள்ள கடலூர் மாவட்டத்துச் செம்மங்குப்பம் காட்டியது. 2025 ஆம் ஆண்டு சூலை 8 ஆம் நாள் காலையில், அங்குக் கடவையைக் கடந்த பள்ளி வண்டியின்மீது இரயில் மோத, மாணவர் மூவர் உயிரிழந்தனர். அந்தக் கடவையின் கதவு கைகாட்டியோடு பிணைக்கப்பட்டிருக்கவில்லை. கதவு மூடியபின்னரே கைகாட்டி இறங்கும் என்னும் பிணைப்பு எத்துணை இன்றியமையாதது என்பதை நாடு பெருவிலை கொடுத்து அறிந்தது. வண்டியின் உள்ளே இருப்போரைக் காட்டிலும், பாதையைக் கடப்போரும் படியில் தொங்கி விழுவோருமே இருப்புப்பாதையில் மிகுதியாக மாள்கின்றனர் என்பதும் மாணவர் மனத்தில் பதிய வேண்டிய உண்மை.

இனி, சாலைக்கு வருவோம். 1869 ஆம் ஆண்டு அயர்லாந்தில் மேரி வார்டு என்னும் அறிவியல் அம்மையார், நீராவியால் ஓடிய வண்டியிலிருந்து தவறி விழுந்து அதன் சக்கரத்தில் அகப்பட்டு இறந்தார். பொறிவண்டியால் உலகில் நேர்ந்த முதற் சாவு அது என்பர். 1896 ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் நடந்து சென்ற பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்னும் பெண்மணி மோட்டார் வண்டி மோதி மாண்டார். அன்று ஒருவர் இருவராக இருந்த எண், இன்று கடல்போற் பெருகிவிட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021 ஆம் ஆண்டில் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் சாலை விபத்துகளால் இறந்தனர். ஐந்து வயது முதல் இருபத்தொன்பது வயது வரையுள்ளோரின் சாவிற்கு, எந்நோயினும் மேலாக, இதுவே முதற் காரணமாய் நிற்கின்றது.

இந்தியாவில் 1970 ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 14,500 பேர் இறந்தனர். 2022 ஆம் ஆண்டில் அத்தொகை 1,68,491 ஆயிற்று. அவ்வாண்டில் நேர்ந்த விபத்துகள் 4,61,312, காயமுற்றோர் 4,43,366. நாளொன்றுக்கு நானூற்றறுபதுக்கு மேற்பட்டோர் இறந்தனர் என்பது இதன் பொருள். இத்தனை பேரை ஏற்றிய விமானம் ஒன்று நாள்தோறும் வீழ்ந்தால் நாடு பொறுக்குமா? இவர்கள் நாடெங்கும் தனித்தனியே சாகின்றமையால் அத்துயரின் முழுவடிவம் எவர் கண்ணுக்கும் புலனாவதில்லை. மாண்டோருள் மூன்றில் இரு பங்கினர் பதினெட்டு முதல் நாற்பத்தைந்து வயதுக்கு உட்பட்டோர். குடும்பத்தைத் தாங்கும் வயதினர். அவ்வாண்டில் விபத்தின் எண்ணிக்கையில் தமிழ்நாடே நாட்டின் முதலிடத்தில் நின்றது என்பதும் கருதத் தக்கது.

ஊர்திகளை ஒப்பிடும்போது எண்ணிக்கையை மட்டும் காணல் போதாது. எத்தனை பேர், எவ்வளவு தொலைவு சென்றனர் என்பதையும் சேர்த்துக் காணல் வேண்டும். இங்கிலாந்தில் 1990 முதல் 1999 வரையிலான காலத்திற்கு இத்தகைய கணக்கு எடுக்கப்பட்டது. பயணிகள் அனைவரும் சென்ற தொலைவு மொத்தம் நூறு கோடிக் கிலோமீட்டர் எனக் கொண்டால், பேருந்தில் இறந்தோர் சராசரியாக ஒருவர்கூட இலர், இரயிலிலும் அவ்வாறே. காரில் மூவர், மிதிவண்டியில் நாற்பத்தைவர், நடந்து செல்வோருள் ஐம்பத்து நால்வர், மோட்டார் சைக்கிளிலோ நூற்றொன்பதின்மர். விமானம் இக்கணக்கில் மிக மிகப் பாதுகாப்பானது. ஆயினும் தொலைவை விட்டுப் பயணத்தின் எண்ணிக்கையைக் கொண்டால், விமானம் முதலிடத்தை இழக்கின்றது. ஏனெனில் அதன் பயணம் ஒவ்வொன்றும் நெடுந்தொலைவு உடையது. இடரோ ஏறும்போதும் இறங்கும்போதுமே மிகுதி. எந்தக் கோலால் அளந்தாலும் கடைசியில் நிற்பது மோட்டார் சைக்கிளே. அளவுகோல் மாறினும் மாறாத முடிவையே உறுதியான முடிவு என்று கொள்ளல் வேண்டும்.

விமானத்திலும் பேரிடர் இல்லாமல் இல்லை. 2017 ஆம் ஆண்டில் உலகெங்கும் பயணிகள் செல்லும் வணிக ஜெட் விமானங்களில் ஒருவர்கூட விபத்தால் இறக்கவில்லை. 2025 ஆம் ஆண்டு சூன் 12 ஆம் நாளோ, அகமதாபாத்தில் எழுந்த விமானம் உடனே வீழ்ந்து, அதில் இருந்த 242 பேருள் 241 பேர் மாண்டனர். எனினும் விமானம் ஒன்று வீழ்ந்தால், ஏன் வீழ்ந்தது என்பதை வல்லுநர் மாதக்கணக்கில் ஆராய்கின்றனர். கண்ட குறையை உலகிலுள்ள அவ்வகை விமானங்கள் அனைத்திலும் களைகின்றனர். சாலையில் மாண்டவர் பொருட்டு அத்தகைய ஆராய்ச்சி நிகழ்வது அரிது.

2022 ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் மாண்டோருள் நூற்றுக்கு நாற்பத்து நால்வர்க்கு மேற்பட்டோர் இருசக்கர மோட்டார் வண்டியில் சென்றவர். நூற்றுக்கு ஏறத்தாழ இருபதின்மர் நடந்து சென்றவர். கார் வைத்திருப்போர் மிகுந்த மேலைநாடுகளில் காரில் உள்ளோர் மிகுதியாக மாள்கின்றனர். இந்தியாவிலோ, தம்மைச் சுற்றி இரும்புச் சுவர் இல்லாத எளியோரே மிகுதியாக மாள்கின்றனர். சாரத்தின் சாலையிலே இடைவெளி தேடி நுழையும் இருசக்கர வண்டிகளும், கடக்க இடம் பாராது நிற்கும் பிள்ளைகளும் இக்கணக்கின் உயிருள்ள எடுத்துக்காட்டு.

அவர்கள் மாள்வதற்குக் காரணம் யாது? வேகமே தலையாய காரணம். 2022 ஆம் ஆண்டு இறப்புகளுள் நூற்றுக்கு எழுபத்தொரு பங்கு மிகுவேகத்தால் விளைந்தது. வேகம் இரட்டித்தால் மோதலின் வலி இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகின்றது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சென்று சுவரில் மோதுதல், ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரமுள்ள கூரையிலிருந்து விழுவதை ஒக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதுதலோ, பதினான்கு மீட்டர் உயர்ந்த தென்னையின் உச்சியிலிருந்து விழுவதை ஒக்கும். தென்னை உச்சியினின்று ஒருவனைக் குதிக்கச் சொன்னால் குதிப்பானா? அவனே அவ்வேகத்தில் ஒரு கையால் வண்டியைப் பிடித்து, மறு கையில் கைப்பேசியை வைத்துப் பேசிச் செல்கின்றான்.

வண்டியை நிறுத்தும் தொலைவும் இவ்வாறே வேகத்தோடு வளர்கின்றது. குறுக்கே குழந்தை ஒன்று ஓடி வருவதைக் கண்டு, தடையைக் கால் அழுத்துவதற்கு ஒரு நொடியாவது ஆகும். 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்த ஒரு நொடியில் வண்டி ஏறத்தாழ பதினேழு மீட்டர் சென்றுவிடும். பின்னரும் அது நிற்க இருபது மீட்டர் வேண்டும். 30 கிலோமீட்டர் வேகத்திலோ, இரண்டும் சேர்ந்து பதின்மூன்று மீட்டரே. பதினைந்து மீட்டர் முன்னே நிற்கும் குழந்தையை மெல்ல வருவோன் காப்பான். விரைந்து வருவோன், தடையில் கால் படுமுன்னரே மோதிவிடுவான். இருவருக்கும் இடையே இரக்கத்தில் வேறுபாடு இல்லை, வேகத்திலேதான் வேறுபாடு.

ஊறு நேர்ந்தாலும் உயிரைக் காக்கும் கருவிகள் இரண்டு. ஒன்று தலைக்கவசம். 'அரேபியாவின் லாரன்ஸ்' எனப் புகழ்பெற்ற டி. இ. லாரன்ஸ் 1935 ஆம் ஆண்டு மே மாதம் மோட்டார் சைக்கிளில் செல்லும்போது விழுந்து, தலையில் அடிபட்டு, ஆறு நாள் உணர்வின்றிக் கிடந்து இறந்தார். அவரைக் காக்க முயன்ற மருத்துவர்களுள் ஒருவர் ஹியூ கெய்ன்ஸ் என்னும் மூளை அறுவை வல்லுநர். காக்க இயலாமற் போன அவ்வுயிரை அவர் மறக்கவில்லை. போர்ச் செய்தி கொண்டு மோட்டார் சைக்கிளில் செல்வோர் தலைக்காயத்தால் மாள்வதைப் பல ஆண்டு ஆராய்ந்து, தலைக்கவசத்தின் பயனை 1941 ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். உலகெங்கும் இன்று அணியப்படும் தலைக்கவசத்திற்குப் பின்னே இவ்வாராய்ச்சி நிற்கின்றது. சரியாக அணிந்த தலைக்கவசம் இறக்கும் இடரை ஆறு மடங்குக்கு மேல் குறைக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. இந்தியாவில் 2022 ஆம் ஆண்டில் தலைக்கவசம் அணியாது மாண்டோர் 50,029 பேர். வாரை இறுக்காமல் தலையில் கவிழ்த்துச் செல்லும் கவசம், மோதிய அளவில் தனியே பறந்துவிடும். அது காவலர் கண்ணுக்கு அஞ்சி அணிந்ததேயன்றி உயிருக்கு அணிந்ததன்று.

மற்றொன்று இருக்கைப் பட்டை. முன்னர் வானூர்தியிலிருந்து வலவனை வெளியே எறிந்து காக்கும் இருக்கையை அமைத்து வந்த நில்ஸ் பொலின் என்னும் சுவீடன் நாட்டுப் பொறியாளர், 1959 ஆம் ஆண்டில், மார்பையும் இடுப்பையும் மூன்று இடத்தில் பிணைக்கும் பட்டையை மோட்டார் வண்டிக்கு அமைத்தார். அவர் பணியாற்றிய வால்வோ நிறுவனம் அதன் உரிமையை எல்லார்க்கும் திறந்துவிட்டது. ஓர் ஒற்றைக் கையால் ஒரு நொடியில் பூட்டத்தக்க இப்பட்டை, எண்ணற்ற உயிர்களைக் காத்துவருகின்றது. பின்னிருக்கையில் உள்ளோர்க்கும் இது வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

விதி முடிந்தால் எவர் தடுப்பார் என்று கூறிச் சிலர் வாளா இருப்பர். ஊழின் வலியைக் கூறத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரே, ஆள்வினையுடைமை என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். எண்களும் வள்ளுவர் பக்கமே நிற்கின்றன. 1970 ஆம் ஆண்டில் இந்தியாவில் இருந்த மோட்டார் வண்டிகள் 14 இலட்சம். பதினாயிரம் வண்டிக்கு ஏறத்தாழ நூற்று மூவர் என்னும் வீதத்தில் மக்கள் இறந்தனர். வண்டிகள் முப்பது கோடியைக் கடந்துவிட்ட இந்நாளில் அவ்வீதம் ஐந்தளவிற்குக் குறைந்துவிட்டது. நல்ல சாலையும் நல்ல தடையும் மருத்துவமும் சட்டமும் இக்குறைவைத் தந்தன. வீதம் குறைந்தும், வண்டிகள் இருநூறு மடங்குக்கு மேல் பெருகியமையால், இறந்தோர் தொகை குறையவில்லை. முயற்சி பயன் தரும் என்பதும், செய்த முயற்சி போதாது என்பதும் இதனால் ஒருங்கே விளங்கும். புதுச்சேரியில் இந்திரா காந்தி சதுக்கத்திற்கும் ராஜீவ் காந்தி சதுக்கத்திற்கும் இடையே மேம்பாலம் அமைக்க 2025 ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்றமை அத்தகைய முயற்சிகளுள் ஒன்று. பாலம் நெரிசலைக் குறைக்கும். அதன்மேல் ஓட்டுவோனது அடக்கத்தை அவனே கொண்டுவருதல் வேண்டும்.

மாணவர்க்கு இதில் உரிய பங்கு உண்டு. பதினெட்டு வயது நிரம்பாதவர் மோட்டார் வண்டி ஓட்டலாகாது. பதினாறு வயதினர்க்குப் பல்லிணை இல்லாத சிறு விசை வண்டி மட்டும் உரிமத்தோடு இசையும். நான்கு வயதுக்கு மேற்பட்ட எவரும், பின்னால் அமர்ந்து சென்றாலும், தலைக்கவசம் அணிதல் வேண்டும். சிறுவன் ஓட்டி விபத்து விளைத்தால், வண்டியைக் கொடுத்த பெற்றோரே தண்டத்திற்கும் சிறைக்கும் உள்ளாவர் என்று 2019 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதித்தது. மகன் செய்த குற்றத்திற்குத் தந்தை விடை கூறும் திருவாரூர் நீதி, சட்டப் புத்தகத்தில் மீண்டும் இடம் பெற்றதைப் போல்வது இது. 'பக்கத்துக் கடைக்குத்தானே' என்று சாவியைக் கேட்கும் மகனும், 'பார்த்துப் போ' என்று கொடுத்துவிடும் தந்தையும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நடப்போர் நடைபாதையில் நடத்தலும், அஃது இல்லாவிடத்து எதிரே வரும் வண்டியைக் காணும் வகையில் சாலையின் வலப்புறம் நடத்தலும், நிற்கும் பேருந்தின் முன்புறமாகக் குறுக்கே ஓடாமையும், ஓடும் வண்டியின் படியில் தொங்காமையும் சிறியனபோல் தோன்றினும் உயிர் காக்கும் ஒழுக்கங்களாகும்.

ஊறு நேர்ந்தபின் செய்யத்தக்கது யாது? காயமுற்ற முதல் ஒரு மணி நேரத்தை மருத்துவர் 'பொன்னான நேரம்' என்பர். அந்நேரத்தில் மருத்துவம் கிடைத்தால் பிழைப்போர் பலர். கூட்டமாகச் சூழ்ந்து நின்று வேடிக்கை பார்த்தலும், படம் எடுத்தலும் அந்நேரத்தைத் திருடுவன. உடனே 108 என்னும் எண்ணிற்கு அழைத்தல் வேண்டும். குருதி பெருகும் இடத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடித்தல் வேண்டும். கழுத்தும் முதுகும் முறிந்திருக்கக்கூடுமாதலால், தீ முதலிய இடர் இல்லாதபோது அவரைப் புரட்டுதலும் தூக்கி நிறுத்துதலும் கூடா. உணர்விழந்தவர் வாயில் நீர் ஊற்றுதல் பெருந்தவறு. அது மூச்சுக்குழலில் சென்று உயிரைப் போக்கிவிடும். உதவினால் வழக்கில் சிக்குவோம் என்னும் அச்சம் இனி வேண்டா. உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளை 2016 ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2019 ஆம் ஆண்டில் அது சட்டமாயிற்று. தம் பெயரைச் சொல்லும்படி உதவியவரை எவரும் வற்புறுத்துதல் இயலாது. தமிழ்நாட்டில் 2021 ஆம் ஆண்டு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம், விபத்தில் அடிபட்டார்க்கு முதல் நாற்பத்தெட்டு மணி நேர மருத்துவத்தை அரசின் செலவிலே அளிக்கின்றது. புதுச்சேரிக்குக் கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை உண்டு. 1823 ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் நிறுவிய மருத்துவப் பள்ளியிலிருந்து வளர்ந்தது அது. சாரத்திலிருந்து அதனை அடையச் சில மணித்துளிகளே போதும். ஆனால் அச்சில மணித்துளிகளுக்குள், ஆம்புலன்சுக்கு வழிவிடச் சாலையில் உள்ளோர் ஒதுங்குதல் வேண்டும்.

பல்லக்கும் புஸ்புஸ் வண்டியும் போயின. அவற்றின் மெல்லிய நடையும் போயிற்று. அந்நடையை மீண்டும் கொணர்தல் இயலாது, வேண்டுவதும் இல்லை. விரைவு மனிதனுக்குக் கிடைத்த நல்ல கருவி. ஆனால் இருப்புப்பாதையிலும் வானிலும் விரைவைக் கட்டுக்குள் வைத்தவன், சாலையில் மட்டும் அதனைக் கட்டவிழ்த்து விட்டுள்ளான். இருப்புப்பாதையில் அக்கட்டைப் பொறி காக்கின்றது. சாலையிலோ அதனை ஒவ்வொருவர் உள்ளமும் காத்தல் வேண்டும். தன் வண்டியின் முன்னே வரும் ஒவ்வோர் உயிரின் பின்னும் அதற்காகக் காத்திருக்கும் ஒரு வீடு உண்டு என்பதை உணர்ந்து ஓட்டுவோனே, ஊர்தியை ஊரத் தகுதியுடையவன் ஆவான்.